மிதந்து வந்த பை: சார்ல்ஸ்டனில் ஐந்து நாள்

முதல் நாள்

மகள் வீடு சார்லட்டில். நாங்கள் போக நினைத்தது சார்ல்ஸ்டனுக்கு. இதைத் திண்டிவனத்தில் இருக்கும் தங்கைக்குப் போனில் விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அது ராணி பெயர், இது ராஜா பெயர். அது வட கரோலினா, இது தென் கரோலினா. நடுவே காரில் மூன்றரை மணி நேரம் என்றேன். "எதுவாக இருந்தால் என்ன, ஸ்வெட்டர் எடுத்துக்கோ" என்றாள். ஸ்வெட்டர் பெட்டியிலேயே கிடக்கிறது. அக்டோபர் பிறந்தும் இங்கே நம் சென்னைப் புழுக்கம்தான். காரை விட்டு இறங்கியதும் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது.

31 வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவள் நான். அமெரிக்க விடுதலைப் போர் என்றால் பாஸ்டன் தேநீர், வாஷிங்டன், யார்க்டவுன் என்று மூன்று பக்கத்தில் முடித்துவிட்டுப் பிரெஞ்சுப் புரட்சிக்குத் தாவிவிடுவோம். தெற்கே இப்படி ஒரு துறைமுகம் இருந்ததற்குப் பாடத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. மாப்பிள்ளை கடற்கரைக்குத்தான் திட்டம் போட்டிருந்தார். அதில் நான் கல்லறைகளையும் பழைய வீடுகளையும் சொருகினேன். பேரனுக்கு அதில் வருத்தம்தான்.

ஊரின் அமைப்பு எளிது. ஆஷ்லி, கூப்பர் என்று இரண்டு ஆறுகள். நடுவே நாக்கு நீட்டியதுபோல் ஒரு நிலம். இரண்டும் ஒரே பிரபுவின் பெயரை உடைத்து வைத்தவை, ஆந்தனி ஆஷ்லி கூப்பர். இந்த இரண்டு ஆறுகளும் கலந்துதான் அட்லாண்டிக் பெருங்கடலே உண்டாகிறது என்பது ஊர்க்காரர்களின் பழைய நகைச்சுவை. பாதி நிஜமாகவே சொல்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். 1670-இல் ஆஷ்லியின் மேற்குக் கரையில் குடியேறி, 1680-இல் இந்த நாக்குக்கு இடம் மாறினார்கள். 1783 வரை ஊருக்குப் பெயர் 'சார்ல்ஸ் டவுன்'. ஆங்கிலேயர் போன பிறகும் அந்த ராஜாவின் பெயரை முழுசாக எடுக்க மனம் வரவில்லை, கொஞ்சம் சுருக்கி மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் மார்க்கெட் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். மழையே இல்லை. கடல் ஓதம் சாக்கடைக் குழாய் வழியாக ஏறித் தெருவுக்கு வந்திருக்கிறது. இந்த மாதங்களில் இது வழக்கம் என்றார் கடைக்காரர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். ஒரு தள்ளுவண்டியில் அவித்த வேர்க்கடலை விற்றார்கள், தோலோடு, உப்புத் தண்ணீரில், சூடாக. பேரன் நம்பவே இல்லை. "ஆயா, இது உங்க ஊர்லதானே கிடைக்கும்?" என்றான்.

இரண்டாம் நாள்

பிராட் தெருவும் மீட்டிங் தெருவும் சந்திக்கும் முனைக்கு 'சட்டத்தின் நான்கு மூலைகள்' என்று பெயர். நகராட்சி, மாவட்ட நீதிமன்றம், மத்திய அரசுக் கட்டடம், நான்காவது மூலையில் புனித மைக்கேல் தேவாலயம். தேவாலயம் 1752-இல் தொடங்கி 1761-இல் முடிந்தது. அதன் எட்டு மணிகளுக்குத் தனிக் கதை இருக்கிறது. லண்டனில் வார்த்து 1764-இல் வந்தவை. போரில் ஆங்கிலேயர் 1782-இல் கிளம்பும்போது கழற்றிக்கொண்டு போனார்கள். அங்கே ஒரு வணிகர் விலைக்கு வாங்கித் திருப்பி அனுப்பினார்.

அந்தத் தேவாலய வளாகத்தில் ஜான் ரட்லெட்ஜ் புதைக்கப்பட்டிருக்கிறார். போர்க்காலத்தில் இந்த மாநிலத்தின் தலைவர், பிறகு அமெரிக்க அரசியல் சாசனத்தில் கையெழுத்திட்டவர். 1795-இல் வாஷிங்டன் அவரை உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக்கினார். ஆனால் இங்கிலாந்தோடு அப்போது போட்ட ஒப்பந்தத்தை எதிர்த்து ரட்லெட்ஜ் இந்த ஊரில் ஒரு கூட்டத்தில் கடுமையாகப் பேசியிருந்தார். அதை மனதில் வைத்து செனட் டிசம்பரில் அவர் நியமனத்தை நிராகரித்தது. மனைவி இறந்த துக்கம் ஏற்கனவே இருந்தது. மனிதர் துறைமேடையிலிருந்து தண்ணீரில் குதித்துவிட்டார். அங்கிருந்த அடிமைகள் இருவர் பார்த்து இழுத்துப் போட்டுக் காப்பாற்றினார்கள். அவர்கள் பெயர் எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று கல்லறையைச் சுற்றிப் பார்த்தேன். இருக்காது என்று தெரிந்துதான் பார்த்தேன். பிராட் தெரு 116-ஆம் எண்ணில் 1763-இல் அவர் கட்டிய வீடு இப்போது தங்கும் விடுதி. அறை வாடகையை மாப்பிள்ளை பார்த்துச் சொன்னார். வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டோம்.

அவருடைய தம்பி எட்வர்டு ரட்லெட்ஜ், விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களிலேயே வயதில் சின்னவர், 26. இந்த மாநிலத்திலிருந்து கையெழுத்திட்ட நால்வரில் தாமஸ் ஹேவர்டின் வீடு சர்ச் தெருவில், 1772-இல் கட்டியது. 1791 மே மாதம் வாஷிங்டன் வந்தபோது நகரம் இந்த வீட்டை வாடகைக்கு எடுத்து ஒரு வாரம் தங்கவைத்தது. அவர் தூங்கிய அறையைப் பெரிதாகக் காட்டுகிறார்கள். எனக்குப் பிடித்தது பின்கட்டு. தனியாக நிற்கும் சமையல்கட்டு, ஆள் நுழையும் அளவு அடுப்பு, மேலே அடிமைகள் படுக்கும் அறை. வெயில் காலத்தில் அந்த அடுப்பின் மேல் எப்படித் தூங்கினார்களோ! ஹேவர்டுக்குப் பிறகு இந்த வீட்டை வாங்கியது கிரிம்கே குடும்பம். அடிமை முறையை எதிர்த்து நாடு முழுக்கப் பேசிய சேரா கிரிம்கே சிறு பிள்ளையாக இருந்தது இந்த வீட்டில்தான். அவள் எதைப் பார்த்து வளர்ந்தாள் என்று அந்தச் சமையல்கட்டில் நின்றால் புரிகிறது.

ஆனால் இன்று முழுக்க என் மனதில் இருந்தது எலைசா லூகாஸ். ஆன்டிகுவா தீவில் 1722-இல் பிறந்தவள், 1738-இல் இங்கே வந்தாள். மறுவருடமே அப்பாவை ராணுவ வேலைக்குத் தீவுக்குத் திரும்ப அழைத்துவிட்டார்கள், அம்மாவோ நோயாளி. மூன்று பண்ணைகளின் பொறுப்பும் 16, 17 வயதுப் பெண் தலையில். ஊருக்கு மேற்கே வாப்பூ ஓடைக்கரையில் இருந்து கணக்கு எழுதினாள், அப்பாவுக்குக் கடிதம் எழுதினாள், இஞ்சி, பருத்தி, குதிரைமசால் என்று அப்பா அனுப்பிய விதைகளையெல்லாம் போட்டுப் பார்த்தாள். நின்றது அவுரி.

எங்கள் ஊர்ப்பக்கம் இன்றும் அவுரி போடுகிறார்கள். தாத்தா காலத்துத் தொட்டி ஒன்று கொல்லையில் இருந்தது, நாங்கள் அதில் ஒளிந்து விளையாடுவோம். செடியை அறுத்து வந்து தொட்டியில் ஊறப்போட வேண்டும். ஒரு ராத்திரி போதும், நாற்றம் ஊரைத் தூக்கும். பச்சையாக இறங்கும் சாற்றை அடுத்த தொட்டிக்கு விட்டு அடிக்க வேண்டும். நம் ஊரில் ஆட்கள் இறங்கிக் காலால் உதைப்பார்கள், கரோலினாவில் துடுப்பால் அடித்தார்கள். காற்றுப் பட்டதும் பச்சை நீலமாக மாறி அடியில் படியும். அதை வடிகட்டி, பிழிந்து, கட்டியாக வெட்டிக் காயவைத்தால் நீலம். இதில் கைப்பக்குவம் தப்பினால் எல்லாம் போச்சு. எலைசாவின் முதல் போகத்தைப் பனி கருக்கிவிட்டது. பிறகு அப்பா மான்ட்செராட் தீவிலிருந்து குரோம்வெல் என்ற கைதேர்ந்த ஆளை அனுப்பினார். அவன் தன் தீவின் தொழிலுக்குப் போட்டி வந்துவிடும் என்று வேண்டுமென்றே சுண்ணாம்பு நீரை அதிகமாக ஊற்றிச் சாயத்தைக் கெடுத்தான். அதையும் கண்டுபிடித்துவிட்டாள். 1744-இல் நல்ல விளைச்சல் வந்தபோது பெரும்பகுதியை விதைக்கு விட்டு அக்கம்பக்கத்துப் பண்ணைகளுக்குக் கொடுத்தாள். 1748-இல் இங்கிலாந்து மானியமும் கொடுத்தது. விடுதலைப் போருக்கு முந்தின வருடங்களில் இந்தத் துறைமுகத்திலிருந்து ஆண்டுக்குப் பத்து லட்சம் பவுண்டு எடைக்கு மேல் நீலம் கப்பலேறியது.

இப்போது அவளைத் 'தொழில்முனைவோர்' என்று கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். ஆனால் தொட்டிக்கரையில் அந்த நாற்றத்தில் நின்று துடுப்புப் பிடித்தது அவள் இல்லை. ஆப்பிரிக்காவிலேயே நீலச்சாயம் தெரிந்த ஆட்கள் அந்த அடிமைகளில் இருந்தார்கள். கடிதம் எழுதியவள் பெயர் நின்றது.

போர் முடிந்ததும் இங்கிலாந்தின் மானியம் நின்றது, கரோலினா நீலம் சரிந்தது. கும்பெனியார் வங்காளத்துப் பக்கம் திரும்பினார்கள். அதற்கப்புறம் நடந்ததை காந்தியின் சம்பாரண் போராட்டம் வரைக்கும் நான் வருடா வருடம் நடத்தியிருக்கிறேன். அந்தப் பாடத்தின் முந்தின பக்கம் இங்கே ஓடைக்கரையில் கிடந்தது எனக்குத் தெரியாது. எலைசாவின் இரண்டு மகன்களும் பெரிய ஆட்களானார்கள்: சார்ல்ஸ் கோட்ஸ்வொர்த் பிங்க்னி சாசனத்தில் கையெழுத்திட்டு இரண்டு முறை ஜனாதிபதி தேர்தலில் நின்று தோற்றார், தாமஸ் பிங்க்னி 1795-இல் ஸ்பெயினோடு ஒப்பந்தம் போட்டு மிசிசிப்பியில் அமெரிக்கப் படகுகளுக்கு வழி வாங்கினார். அம்மா 1793-இல் பிலடெல்பியாவில் புற்றுநோய் வைத்தியத்துக்குப் போன இடத்தில் இறந்தாள். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ஜனாதிபதி வாஷிங்டனும் ஒருவர்.

மூன்றாம் நாள்

காலையில் குதிரை வண்டிச் சவாரி. வண்டிக்காரப் பையன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பேயைக் குடிவைத்தான். பேரனுக்கு மட்டும் காசு வசூல்.

அப்புறம் கிழக்கு விரிகுடாத் தெருவில் பழைய எக்ஸ்சேஞ்ச் கட்டடம். 1771-இல் முடித்த சுங்கமும் சந்தையும். பாஸ்டனில் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள் என்று நடத்தினோமே, அதே 1773 டிசம்பரில், அதற்கு இரண்டு வாரம் முன்பே, இங்கேயும் கும்பெனித் தேயிலை வந்திறங்கியது, 257 பெட்டி. இவர்கள் கொட்டவில்லை. வாங்கவும் மாட்டோம் என்றார்கள். வரி கட்ட ஆளில்லாமல் சுங்க அதிகாரிகள் பெட்டிகளை இந்தக் கட்டடத்தின் நிலவறையில் போட்டுப் பூட்டினார்கள். போர் தொடங்கிய பிறகு அதை எடுத்து விற்றுப் புரட்சிக்கே செலவழித்தார்கள். வியாபாரிகளின் ஊர் அல்லவா! சரக்கை வீணாக்க மனசு வராது.

1780 மே 12-ஆம் தேதி ஊர் ஆங்கிலேயரிடம் விழுந்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் கைதானார்கள். ஊர் விழும் முன் அமெரிக்கத் தளபதி மோல்ட்ரி பத்தாயிரம் பவுண்டு வெடிமருந்தை இதே நிலவறையில் ஒரு சுவர் எழுப்பி அதன் பின்னால் மறைத்தார். ஆங்கிலேயர் இரண்டரை வருடம் அதே அறையைச் சிறையாக வைத்திருந்தும் கண்டுபிடிக்கவில்லை. ஈரம் சொட்டும் செங்கல் வளைவுகளுக்குக் கீழே மெழுகு பொம்மைக் கைதிகளை உட்கார வைத்திருக்கிறார்கள். பொம்மைகள் இல்லாமலே பயமாகத்தான் இருக்கிறது.

இங்கே அடைபட்டவர் ஐசக் ஹெய்ன். ஊர் விழுந்த வருடம் வீட்டில் மனைவி மக்களுக்கு அம்மை போட்டிருந்தது. வைத்தியத்துக்காக ஊருக்குள் வந்தவரிடம், ராஜாவுக்கு விசுவாசப் பத்திரம் எழுதினால்தான் திரும்பிப் போகலாம் என்றார்கள். எழுதிக் கொடுத்தார். பிறகு ராஜாவின் படையிலேயே சேரச் சொன்னபோது, பத்திரத்தில் அது இல்லை என்று அமெரிக்கர் பக்கம் போய்விட்டார். பிடிபட்டதும் முறையான வழக்கு விசாரணை இல்லாமல் 1781 ஆகஸ்ட் 4-ஆம் தேதி தூக்கில் போட்டார்கள். உத்தரவில் இரண்டு பெயர்: பால்ஃபர், ராடன் பிரபு.

ராடன் என்ற பெயரைப் பார்த்ததும் எங்கேயோ இடித்தது. விடுதிக்கு வந்துதான் பிடிபட்டது. இந்த ராடன்தான் பின்னால் ஹேஸ்டிங்ஸ் பிரபு, 1813 முதல் 1823 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரல். வாரன் ஹேஸ்டிங்ஸ் வேறு, இவர் வேறு என்று பிள்ளைகளுக்குப் பலகையில் எழுதிப் போடுவேன். ஊர் விழுந்ததும் ஆங்கிலேயத் தளபதி கிளிண்டன் நியூயார்க்குக்குக் கிளம்பியபோது தெற்குப் படையை யாரிடம் ஒப்படைத்தார்? கார்ன்வாலிஸிடம். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் ஆளுயரத்துக்கு மேல் வெள்ளைச் சிலையாக நிற்கிறாரே, அவரேதான். இங்கே பழகிவிட்டு அங்கே வந்திருக்கிறார்கள்.

கிங் தெருவில் மைல்ஸ் பிரூட்டன் வீட்டை வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். ஊரிலேயே அழகான வீடு அதுதான் என்பேன். அடிமை வியாபாரத்தில் சம்பாதித்தவர், 1775-இல் குடும்பத்தோடு கடலில் மூழ்கிப் போனார். வீடு தங்கை ரெபெக்கா மாட்டுக்கு வந்தது. ஊர் விழுந்ததும் கிளிண்டனும் பிறகு ராடனும் அதில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். ரெபெக்கா தன் மூன்று பெண் பிள்ளைகளையும் மச்சில் ஒளித்து வைத்து, எதிரி அதிகாரிகளுக்குத் தானே விருந்து பரிமாறினார் என்பது ஊரில் சொல்லும் கதை. பிறகு கிராமத்து வீட்டுக்குப் போனால் அங்கேயும் ஆங்கிலேயர் வந்து கோட்டையாக்கிக்கொண்டார்கள். 1781 மே மாதம் அமெரிக்கப் படை அதை முற்றுகையிட்டு, வீட்டைக் கொளுத்தினால்தான் ஆகும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னபோது, தாராளமாகக் கொளுத்துங்கள் என்று சொன்னதோடு அம்பும் எடுத்துக் கொடுத்தாராம். அந்த வில்லும் அம்பும் அண்ணனுக்குக் கிழக்கிந்தியப் பக்கம் போய்வந்த ஒரு கப்பல் கேப்டன் பரிசாகக் கொடுத்தது என்று ஒரு பேச்சு. நம்பலாமா என்று தெரியாது, எனக்கு நம்பப் பிடித்திருக்கிறது. ஆங்கிலேயர் சரணடைந்ததும் நெருப்பை அணைத்தார்கள். அன்றைக்கு இரு தரப்பு அதிகாரிகளுக்கும் சேர்த்தே சாப்பாடு போட்டார்.

நான்காம் நாள்

சல்லிவன் தீவு. ஒருவழியாக மணலும் கடலும் வந்ததில் பேரனுக்கு நிம்மதி.

மோல்ட்ரி கோட்டை என்று இப்போது நிற்பது 1809-இல் கட்டிய செங்கல் கோட்டை. 1776 ஜூன் 28 அன்று சண்டை நடந்தபோது இருந்தது, பாதிகூட முடியாத மரக்கோட்டை. பால்மெட்டோ மரத்தை அடுக்கி, இரண்டு வரிசைக்கு நடுவே 16 அடிக்கு மணலைக் கொட்டியிருந்தார்கள். பெரிய தளபதி சார்ல்ஸ் லீ வந்து பார்த்து, இது கொலைக்கூடம், விட்டுவிட்டு வா என்றார். கர்னல் வில்லியம் மோல்ட்ரி கேட்கவில்லை. ஒன்பது ஆங்கிலப் போர்க்கப்பல்கள் சுட்டன. குண்டுகள் மரத்தைப் பிளக்கவே இல்லை. பால்மெட்டோ பார்க்க நம் பனை மாதிரி இருந்தாலும் உள்ளே வைரம் கிடையாது, நார் நாராகப் பஞ்சு போல இருக்கும். நம் பனையை அடுக்கியிருந்தால் சிம்பு சிம்பாகத் தெறித்து உள்ளே இருந்தவனையே கொன்றிருக்கும். இது குண்டை அப்படியே விழுங்கிக்கொண்டது. மாநிலக் கொடியில் அந்த மரம் இருப்பது இதனால்தான். கொடிக்கம்பம் விழுந்தபோது சார்ஜென்ட் ஜாஸ்பர் வெளியே குதித்துக் கொடியை எடுத்து வந்து, பீரங்கி துடைக்கும் கழியில் கட்டி நட்டார். கடற்படைத் தளபதி சர் பீட்டர் பார்க்கருக்குக் கால்சராயின் பின்பக்கம் பறந்துவிட்டது. பேரனுக்கு இந்த ஊர் வரலாற்றில் பிடித்த ஒரே இடம் அதுதான்.

கப்பல்கள் சுடும்போது தரைப்படை பக்கத்துத் தீவிலிருந்து கால்வாயைக் கடந்து பின்பக்கமாக வர வேண்டும் என்பது திட்டம். நடந்து போகும் ஆழம்தான் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். இறங்கிப் பார்த்தால் ஏழு அடி. எதிர்க்கரையில் துப்பாக்கிகள். கிளிண்டன் அங்கேயே மணலில் கொசுக்கடியில் நின்றார். அவரோடு நின்றவர் கார்ன்வாலிஸ்.

இந்தச் சண்டையைச் சொல்லும்போது ஒரு பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குப் படுகிறது: தாமஸ் ஜெரமையா. சுதந்திரமான கறுப்பர். இந்தத் துறைமுகத்தின் மணல்திட்டுகளுக்கு நடுவே கப்பலை வழிநடத்தும் பைலட். வசதியானவர், அவரிடமே அடிமைகள் இருந்தார்கள். சண்டைக்கு முந்தின வருடம், 1775-இல், அடிமைகளைத் தூண்டுகிறார், அரசுக் கப்பல்களை உள்ளே கூட்டி வரப்போகிறார் என்று குற்றம் சாட்டினார்கள். சாட்சி நிற்கவில்லை, ஒருவன் சொன்னதைத் திரும்பவும் வாங்கிக்கொண்டான். கவர்னர் கம்பெல் கெஞ்சிப் பார்த்தார். ஆகஸ்ட் 18-ஆம் தேதி தூக்கிலிட்டு, உடலை எரித்தார்கள். ஊரின் பாதுகாப்புக் குழுவுக்கு அப்போது தலைவர் ஹென்றி லாரன்ஸ். சுதந்திரம் சுதந்திரம் என்று ஊர் முழுக்கக் கூவிக்கொண்டிருந்த மாதம் அது.

மதியம் கேட்ஸ்டன் துறை. 'என்னை மிதிக்காதே' என்ற சாரைப்பாம்பு, இல்லை இல்லை, கிலுகிலுப்பை விரியன் படம் போட்ட மஞ்சள் கொடியை இன்றைக்கும் லாரிகளில் ஒட்டிக்கொண்டு போகிறார்களே, அது கிறிஸ்டோபர் கேட்ஸ்டன் கொடி. பிடிவாதக்காரர். ஆங்கிலேயர் பிடித்து ஃபுளோரிடாவில் செயின்ட் அகஸ்டின் கோட்டைக்கு அனுப்பியபோது, ஒரு உறுதிமொழி கொடுத்தால் வெளியே நடமாடலாம் என்றார்கள். ஒரு தரம் உங்களை நம்பி ஏமாந்தது போதும் என்று மறுத்துவிட்டார். 42 வாரம் தனிச்சிறை. உள்ளே ஹீப்ரு படித்தார். அவர் மேல் எனக்கு மரியாதை வரப் பார்க்கும்போதே அவர் கட்டிய துறைக்கு வந்து சேர்ந்தோம். சுமார் 840 அடி நீளம். 1806-க்குப் பிறகு ஊருக்கு வரும் அடிமைக் கப்பல் எல்லாம் இங்கேதான் இறக்க வேண்டும் என்று சட்டம். அடிமை இறக்குமதி நிற்கப்போகிறது என்று தெரிந்த அந்தக் கடைசி நான்கைந்து வருடங்களில் மட்டும் சார்ல்ஸ்டனுக்கு 40,000 பேர் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். 2023-இல் இங்கே ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். அந்த மண் மேல் சுவர் எழுப்பக் கூடாது என்று முழுக் கட்டடத்தையும் தூண்களில் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். கீழே தரையில், கப்பல் அடித்தட்டில் அடுக்கிப் படுக்க வைத்த மாதிரி மனித உருவங்கள். மேலே தண்ணீர் ஏறி இறங்குகிறது. பேரன் ஒரு உருவத்தின் அருகே படுத்து உயரம் பார்த்தான். மகள் எழுப்பிவிட்டாள்.

ஐந்தாம் நாள்

திரும்பும் வழியில் மெப்கின். கூப்பர் ஆற்றங்கரையில் ஹென்றி லாரன்ஸின் பண்ணை. 1949 முதல் டிராப்பிஸ்ட் துறவிகளின் மடம். "ஏம்மா, கடைசி நாளும் கல்லறையா?" என்றாள் மகள். இவர் ஒருவரைப் பார்த்துவிட்டால் போதும் என்றேன்.

லாரன்ஸ் 1724-இல் இந்த ஊரிலேயே பிறந்தவர். கூட்டாளியோடு நடத்திய வியாபாரத்தில் 1750-களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை விற்றுக் கொடுத்தார். பிறகு அந்த வியாபாரத்திலிருந்து விலகினார். 1776-இல் மகனுக்கு, அடிமை முறையை வெறுக்கிறேன் என்று கடிதம் எழுதினார். எழுதிவிட்டு, தன்னிடமிருந்த இருநூற்றுச் சொச்சம் பேரை வைத்துக்கொண்டார். 1777-இல் அமெரிக்கக் காங்கிரஸின் தலைவர். மகன் ஜான் அந்தக் கடிதத்தை அப்பாவைவிட அதிகமாக நம்பினான். வாஷிங்டனின் உதவியாளன். மூவாயிரம் அடிமைகளைப் படையில் சேர்த்து விடுதலை கொடுப்போம் என்ற திட்டத்தோடு வந்தான். காங்கிரஸ் சரி என்றது. தென் கரோலினாச் சட்டசபை திரும்பத் திரும்ப முடியாது என்றது. 1782 ஆகஸ்டில், எல்லாம் முடிந்த மாதிரி இருந்தபோது, கம்பாஹி ஆற்றுப்பக்கம் தானியம் தேடி வந்த ஆங்கிலேயரோடு நடந்த ஒரு சில்லறைச் சண்டையில் செத்தான். வயது 27. நான்கு மாதத்துக்குள் ஆங்கிலேயர் ஊரைக் காலி செய்தார்கள். அவர்கள் கப்பல்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பர்கள் போனார்கள். சிலர் விடுதலைக்கு, பலர் வேறு தீவுகளில் அதே அடிமைத்தனத்துக்கு.

தலைப்பில் சொன்ன அந்தப் பைக்கு வருகிறேன். 1780-இல் டச்சுக்காரர்களிடம் கடன் வாங்க லாரன்ஸ் கப்பலேறினார். நியூஃபவுண்ட்லாந்து பக்கத்தில் ஆங்கிலப் போர்க்கப்பல் மடக்கியது. காகிதங்களைப் பையில் போட்டுக் கடலில் எறிந்தார்கள். போதுமான பாரம் கட்டவில்லை, பை மிதந்தது. ஒரு மாலுமி கொக்கியால் இழுத்துவிட்டான். உள்ளே டச்சுக்காரர்களோடு போட நினைத்த ஒப்பந்தத்தின் நகல். சண்டைக்குச் சாக்குத் தேடிக்கொண்டிருந்த இங்கிலாந்து டிசம்பரில் டச்சுக்காரர்கள் மேல் போர் தொடுத்தது. அதன் விளைவாக மறுவருடம் நவம்பரில், ஹைதர் அலியின் ஆட்கள் துணைக்கு நின்றும், டச்சுக்காரர்கள் 1658 முதல் வைத்திருந்த நாகப்பட்டினத்தை ஹெக்டர் மன்றோவின் படை பிடித்தது. அதற்கு இரண்டு மாதம் கழித்துத் திருகோணமலையும் போனது. நாகையில் பெண்ணெடுத்த குடும்பம் எங்களுடையது. ஒரு ஆள் ஒழுங்காகக் கல் கட்டாமல் பையை எறிந்ததும் அந்த ஊரும் ஒரே கதையில் வரும் என்று இத்தனை வருடம் தெரியாமல் வகுப்பில் நின்றிருக்கிறேன்.

லாரன்ஸை லண்டன் கோபுரத்தில் அடைத்தார்கள். அங்கே சிறையிருந்த ஒரே அமெரிக்கர் அவர்தான் என்கிறார்கள். காவலாளிகளின் கூலியையும் அவரிடமே கேட்டுச் சீட்டு நீட்டினார்கள், தர மாட்டேன் என்றார். கடைசியில் யார்க்டவுனில் பிடிபட்ட கார்ன்வாலிஸுக்கு மாற்றாக விடுதலை. அந்தக் கோபுரத்துக்குப் பேரளவில் அதிகாரியாக இருந்தவரும் கார்ன்வாலிஸ்தான். நாடகத்தில் எழுதினால் நம்ப மாட்டோம்.

வீட்டை ஆங்கிலேயர் எரித்திருந்தார்கள். மகன் ஜான் இல்லை. 1792 டிசம்பரில் இங்கேயே இறந்தார். உயிலில், என்னைப் பன்னிரண்டு கஜம் முரட்டுத் துணியில் சுற்றி முழுசாகச் சாம்பலாகும் வரை எரிக்க வேண்டும் என்று இன்னொரு மகனுக்குக் கட்டளை. காரணம், மகள் மார்த்தா கைக்குழந்தையாக இருந்தபோது அம்மை கண்டு, இறந்துவிட்டாள் என்று கிடத்திவிட்டார்கள். ஜன்னல் காற்றுப் பட்டு மூச்சு வந்தது. அன்றிலிருந்து உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்ற பயம் அவரை விடவில்லை. அமெரிக்க வெள்ளையர்களில் முறைப்படி எரியூட்டப்பட்ட முதல் ஆள் என்கிறார்கள். சுற்றி நின்றவர்கள் திகைத்திருப்பார்கள். நமக்கு அதில் திகைக்க என்ன இருக்கிறது! ஆனால் சாம்பலை ஆற்றில் கரைக்காமல் திரும்பவும் புதைத்துக் கல் நட்டுவிட்டார்கள். சின்னக் கல். ஓக் மரத்தில் பாசி தொங்குகிறது. நெருப்புக்கு விறகு அடுக்கியது யார் என்று கேட்க வேண்டியதே இல்லை.

கல்லறையிலிருந்து இறங்கினால் ஆற்றோரம் பழைய நெல்வயல்களின் வரப்புகள் சேற்றில் கோடு கோடாகத் தெரிகின்றன. கடல் ஓதம் ஏறும்போது உப்புத் தண்ணீர் அடியிலும் நல்ல தண்ணீர் மேலேயும் நிற்கும். அந்த மேல்தண்ணீரை மர மதகு திறந்து வயலுக்கு விடுவார்கள், இறங்கும்போது வடிப்பார்கள். ஏற்றம் கிடையாது, மாடு கிடையாது. இதை ராஜாக்கள் யாரும் கட்டவில்லை. மார்பளவு சேற்றில் மண் சுமந்து கட்டியவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் நெல் விளைத்த ஊர்களிலிருந்து வந்தவர்கள். ஊர்ச் சந்தையில் அவர்கள் பேத்திகள் புல்லில் முறம் பின்னி விற்கிறார்கள், நம் முறமேதான், வட்டமாக. ஒன்று வாங்கியிருக்கிறேன். விலையைத் தங்கையிடம் சொல்லக் கூடாது.

மடத்துக் கடையில் துறவிகள் வளர்த்த காளான் உலர்த்தி விற்றார்கள். முந்தின நாள் வாங்கிய 'கரோலினா கோல்டு' அரிசி ஒரு பொட்டலம் இருந்தது. இரவு சார்லட் வந்து சேர்ந்ததும் புது முறத்தில் புடைத்தேன். புடைக்க ஒன்றுமில்லை, சும்மா ஆசைக்கு. பொலபொலவென்று வரும் என்று கடையில் சொன்னார்கள், எனக்குக் கொஞ்சம் குழைந்துவிட்டது. மாப்பிள்ளை ஒன்றும் சொல்லாமல் ரசத்தை ஊற்றிக்கொண்டார். மீதியைப் பொங்கலுக்கு வைத்திருக்கிறேன்.